பூஷாயிப் விலகாத ஓட்டம்

மொரோக்கோக்காரர் பூஷாயிப்பின் கால்கள் எவ்வளவு நீளம் என்றால், ஒரு காலை ஸ்கூடாயில் ஊன்றினால் மறுகால் பல மைல் தள்ளி பாசிர் கூடாங் துறைமுகத்தில் போய்த்தான் இறங்கும். சுங்கத்துறைக்காரர்கள் இன்னும் அவரைப் பிடிக்காதது ஆச்சரியம்.

அவ்வளவு நீளக் கால் இருந்தும் போன வருடம் வரை ஒரு பந்தயத்தைக்கூட அவர் ஓடி முடித்ததில்லை. அதுதான் அவர் தொழில். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தில் பேஸ்மேக்கர். மற்றவன் சாதனை செய்ய முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுப்பார். கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பதற்குள் புல்தரைக்கு விலகிவிடுவார். ரோம், பாரிஸ், தோஹா என்று எல்லா ஊர்ப் புல்லும் அவருக்குத் தெரியும். எந்த மாடும் அத்தனை ஊர்ப் புல்லைப் பார்த்திருக்காது. பிறகு மனைவிக்கு ஸ்கூடாய் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்து இங்கே வந்து சேர்ந்தார்.

போன வருடம் பாசிர் கூடாங்கில் எங்கள் தடகளக் கிளப் போட்டி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற எனக்கு மணி அடிக்கிற பொறுப்பு. செயலாளர் லோகேஸ்வரன், தன் தங்கை மகன் யுகேந்திரன் கிளப் சாதனையை உடைக்க வேண்டும் என்று பூஷாயிப்பைப் பிடித்து வந்திருந்தார்.

ஓட்டத்துக்குமுன் பூஷாயிப் என்னிடம் வந்தார். நாசி கண்டார் சாப்பாட்டுக் கடையில் பொறுக்கிய தமிழில்தான் பேசுவார்.

"அண்ணே, இதான் கடைசி. முட்டி போச்சு. இன்னிக்கு நான் முடிப்பேன்."

"லோகேஸ் விடமாட்டாரு லா."

"அவர்கிட்ட கேக்கல."

துப்பாக்கி வெடித்தது. யுகேந்திரனை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு பூஷாயிப் பறந்தார். விலக வேண்டிய இடம் வந்தது, போனது. அவர் விலகவில்லை. லோகேஸ்வரன் புல்லில் ஓடி வந்தார். அவர் வயிறு அவருக்கு முன்பே என்னிடம் வந்து சேர்ந்தது.

"மணி அடிக்காதீங்கண்ணே. அவன் பேஸ்மேக்கர்."

"முன்னால வர்றவருக்குத்தான அடிக்கணும்? ரூல்ஸ் நீங்க போட்டதுதான்."

அடித்தேன். துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பயந்து நங்கூரம் தூக்கிவிட்டன. பூஷாயிப் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தபடியே ஓடினார்.

அடுத்த வளைவில் முட்டி மடங்கியது. யுகேந்திரன் தாண்டினான். பிறகு எல்லாருமே தாண்டினார்கள். யுகேந்திரன் சாதனையை உடைத்து, மாலை போட்டு, படமும் எடுத்தாயிற்று. பூஷாயிப் எதிர்ப்பக்கத்தில் நொண்டிக்கொண்டு வந்தார்.

லோகேஸ்வரன் மைக்கைப் பிடித்தார். "போதும்யா, உன் வேல முடிஞ்சிருச்சு. வெளிய வா. பரிசு குடுக்கணும்."

பூஷாயிப் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஷிப்ட் முடிந்து பூட்ஸோடு வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்த தொழிற்சாலைக்காரர்கள் எழுந்து கைதட்டத் தொடங்கினார்கள். முடிவுக் கோட்டைத் தாண்டிய பிறகும் அவர் விழவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றார்.

"எத்தனாவது?" என்று என்னைக் கேட்டார்.

"ஒம்பது."

"ஒம்பதும் இல்ல, பத்தும் இல்ல" என்றார் லோகேஸ்வரன். "பேஸ்மேக்கருக்கு எடமே கெடையாது."

மேசையில் அவர் வைத்திருந்த மைக்கை எடுத்தேன். "ஒன்பதாவது, மொரோக்கோவின் பூஷாயிப்."

லோகேஸ்வரன் ஒயரைப் பிடுங்கினார்.

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே" என்றார் பூஷாயிப்.

மைக் இல்லாமலே சொன்னேன். கடலுக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் தூங்கிய குழந்தைகள் எழுந்துவிட்டதாகப் புகார் வந்தது. வந்தால் வரட்டும் என்று மூன்றாம் தடவையும் சொன்னேன்.