பதினேழாவது சீட்டு

அந்த அகராதி அலுவலகத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எடுத்துக்காட்டு வாக்கியத்தை யாரும் தாமாகப் புனையக் கூடாது. காதால் கேட்டிருக்க வேண்டும், அல்லது அச்சில் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு சீட்டு; அதில் சொல், வாக்கியம், சொன்னவர், தேதி, சூழல் என்று ஐந்து கட்டங்கள். ஒன்று காலியாக இருந்தாலும் சீட்டு குப்பைக்கூடைக்குத்தான்.

'சிக்கு' என்ற சொல், அங்கே சொல் சேகரிக்கும் அவள் பொறுப்பில் இருந்தது. நூலில் விழுந்த சிக்கு, சீப்புக்கு மசியாத தலைமுடிச் சிக்கு, கம்பி வேலியில் சிக்கிய சட்டை என்று பதினாறு சீட்டுகள் சேர்ந்திருந்தன. பதினேழாவது, அவள் தம்பி சொன்னது.

ஏழு மாதங்களுக்கு முன்பு ஒரு மதியம் அலுவலகத்துக்கு ஃபோன் செய்தான்.

"அக்கா, ஒரு விஷயத்துல வசமா சிக்கிக்கிட்டேன். வெளிய வர வழியே தெரியல."

அவள் கை தானாகவே வெற்றுச் சீட்டை இழுத்தது. 'வசமாக' அதுவரை எந்தச் சீட்டிலும் வரவில்லை.

"ஒரு நிமிஷம்டா, இன்னொரு தடவ சொல்லு."

அவன் சிரித்தான். "நான் அழுதாக்கூட நீ எழுதிக்கிட்டுதான் இருப்ப. எழுதிக்கோ, அப்புறம் பேசறேன்."

பேசவில்லை. நான்காம் நாள் அவன் அறை பூட்டிக் கிடந்தது. இன்றுவரை ஆள் எங்கே என்று தெரியாது.

இப்போது அகராதியின் ஆசிரியர் அந்தச் சீட்டை அவள் மேசையில் வைத்து நின்றார். "நல்ல வாக்கியம்மா. இன்னைக்கு அச்சுக்குப் போகணும். எதுல சிக்கினாராம்? சூழல் காலியா இருக்கே."

எதிர் மேசை அண்ணன் குரல் கொடுத்தார். நீண்ட விளக்கங்களை வெட்டித் தள்ளுவதால் அவருக்குக் 'கத்தரி' என்று பெயர். "காதல்னு போட்டு விடும்மா. அதுல சிக்காத பய எவன் இருக்கான்?"

தம்பியைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னவர் கட்டத்தில்கூட 'இளைஞர், வயது 24' என்றுதான் இருந்தது. காதல் என்று எழுதிவிட்டால் போதும், அவன் பேசியது புத்தகத்தில் நின்றுவிடும். பேனா கட்டத்தைத் தொட்டது. பிறகு, 'கேட்கவில்லை' என்று எழுதினாள்.

"என்னம்மா இது?"

"என் தம்பி சார் அது. ஏழு மாசமா ஆளக் காணோம். எதுல சிக்கினான்னு அன்னிக்கு நான் கேக்கல. எழுதிக்கிட்டு இருந்தேன்."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "இத அச்சுல ஏத்த முடியாதும்மா."

"தெரியும் சார்."

சீட்டைக் கூடையில் போடாமல் அவள் பக்கமே நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். கத்தரி அண்ணன் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து நின்றார்.

"எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா அப்படி வாய விட்டிருப்பேனா?"

"உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?" என்றாள். "எனக்கே தெரியலியே."