பாரமான கோட்டு

பிரேதப் பெட்டிக்குள் கிடந்த புருசனின் நெஞ்சில் விழுந்து அழுதுகொண்டிருந்த புனிதவதியின் கன்னத்தில் இரும்பு இடித்தது. அழுகை அரைவாசியில் நின்றது.

கோட்டின் இடப்பக்க உள்பை. அதைத் தைத்துக் கொடுத்ததே அவள்தான்.

"அக்கா, காணும். எழும்பு," என்று தம்பி சண்முகநாதன் தோளைத் தொட்டான்.

"தம்பி, உந்தக் கோட்டை ஆர் போட்டுவிட்டது?"

"நான்தான். உன்ரை மகள் நிலாணிதான் வீட்டிலயிருந்து கொண்டுவந்து தந்தவள். சும்மா சொல்லக்கூடாது அக்கா, அத்தானின்ரை அசல் துணி. தூக்கேக்கையே தெரிஞ்சுது. என்ன பாரம்!"

சண்முகநாதனுக்கு டோர்செட் பார்க்கில் புடவைக்கடை. துணியை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தே விலை சொல்லுகிறவன். அவனுக்குப் பாரம் என்றால் தரம். பாரத்துக்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று அந்த வியாபாரம் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

புருசன் குலசிங்கத்தின் நகைக்கடை அஜின்கோர்ட்டில். சில வருசத்துக்கு முன், பக்கத்துக் கடையை முகமூடிக்காரர் துடைத்துக்கொண்டு போன கையோடு, ஒரு டோனட் கடையின் பின்பக்கம் நின்ற காருக்கு அவர் இவளையும் கூட்டிப் போனார். லைசென்ஸ் இல்லை, ரசீது இல்லை, பிடிபட்டால் மறியலில் கம்பி எண்ணவேண்டும். ஆனாலும் பேரம் இருந்தது. பின் சீற்றில் துவாயை விரித்து, அதன்மேல் மூன்று கைத்துப்பாக்கிகள். அட்டியல் எடுக்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரிக் குலசிங்கம் ஒவ்வொன்றையும் குறை சொன்னார். கோட்டுக்குள் செருகிக்கொண்டு இறங்கி நடந்தும் காட்டினார்.

"எப்பிடி?"

"சாப்பாட்டுப் பாசல் கொண்டு போறமாதிரிக் கிடக்கு."

இரண்டாவது, காரில் குந்தியிருக்கும்போது விலாவில் குத்தியது. மூன்றாவது தட்டை. விளிம்பெல்லாம் மழுக்கியிருந்ததால் லைனிங்கில் கொழுவவில்லை. ஆனால் பிடி கட்டை.

"இஞ்சாருங்கோ, சின்னவிரல் வெளியில தொங்குது."

"சின்னவிரலாலயே சுடுறது? ஆருக்கும் தெரியக்கூடாது, அதுதான் முக்கியம்."

கடைசியில், நகைக்குப் பெட்டி கேட்பதுபோல, அதற்கு ஒரு தோல் உறையும் சும்மா கேட்டார். விற்க வந்தவன் வாயைப் பிளந்துகொண்டு கொடுத்தான்.

"எப்பவும் குண்டு நிரப்பித்தான் வச்சிருக்கிறன், நீ பயப்பிடாமல் படு," என்பார் பிறகு. அவளும் பயப்படாமல் படுத்தாள். போன ஞாயிறு, வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கையில் அவருக்கு மாரடைப்பு. கோட்டு அலுமாரிக்குள் தொங்கியது.

இப்போது அது அவர்மேல் கிடக்கிறது. இன்னும் சற்று நேரத்தில் பெட்டியை மூடி நெருப்புக்குள் தள்ளிவிடுவார்கள். உள்ளே வெடித்தால்? பொலிஸ் வரும், கடைக்குப் பூட்டு விழும். அதைவிடச் சனம் கேட்கும்: 'குலசிங்கம் நகைதான் வித்தவரோ?' செத்த மனுசன் மறுமொழி சொல்ல எழும்பி வரமாட்டார்.

"வாய்க்கரிசி போடுற ஆக்கள் கெதியா வாங்கோ," என்றார் ஐயர். "அடுத்த பிரேதக்காரர் வெளியில நிக்கினம்."

புனிதவதி அரிசியை அள்ளி அவர் வாயில் இட்டாள். "என்ரை ராசா!" என்று மறுபடியும் விழுந்தாள். கத்தலுக்கு அடியில் விரல்கள் வேலை செய்தன. விழக்கூடாதென்று இறுக்கித் தைத்த பை, இழுத்தால் வரவில்லை. சண்முகநாதன் அவளை இழுத்தான், அவள் பையை இழுத்தாள், பெட்டி ஆடியது.

"விடடா!"

"அக்கா, அத்தானையும் விழுத்தப் போறாய்!"

"நிலாணி, உந்தச் சால்வையால என்னை மூடு. குளிருது."

மகள் மூடினாள். பின்வரிசையில் இரண்டு பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள்.

"இப்பிடியொரு பாசத்தை நான் காணேல்லை."

"ரெண்டுபேருக்கும் நெடுகச் சண்டை எண்டல்லோ கேள்வி?"

தையல் பிரிந்தது. சாமான் கைக்கு வந்து, சால்வைக்கு அடியால் அவளுடைய இடுப்புச் சேலைக் கொய்யகத்துக்குள் போயிற்று. அவள் எழும்பினாள். முதுகு முழுக்க வியர்வை.

"நான் பாத்ரூமுக்குப் போகவேணும்."

"அம்மா, இப்பவா? எவ்ரிபடி இஸ் வெயிற்றிங்."

"இப்பத்தான்."

பிரேதம் வைத்திருந்த மலர்ச்சாலையின் கழிப்பறைக்குள் நுழைந்து கதவைத் தாழிட்டாள். இதை இடுப்பில் வைத்துக்கொண்டு எப்படிச் சனத்துக்கு நடுவில் நிற்பது? குண்டை என்றாலும் கழற்றவேண்டும். அவர் பழக்கியபடி குமிழை அமர்த்தினாள். குண்டுக்கூடு வழுக்கி உள்ளங்கையில் விழுந்தது.

வெறுங்கூடு.

மேற்தகட்டை இழுத்துப் பார்த்தாள். அங்கேயும் ஒன்றுமில்லை. கூட்டின் உட்புறம் புதுச் சட்டிபோல மினுங்கியது; ஒரு குண்டாவது உரசிய தடம் இல்லை. உறையைச் சும்மா வாங்கின மனுசன் குண்டுக்கும் பேரம் பேசி, படியாமல் விட்டுவிட்டாரா? இல்லை, வாங்கவே மனம் வரவில்லையா? அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, விக்கலா என்று சொல்ல முடியாத சத்தம்.

"அம்மா? ஆர் யூ ஓகே?"

"வாறன் பிள்ளை."

சாமானைக் கொய்யகத்துக்குள் திரும்பச் செருகிக்கொண்டு அவள் வந்தபோது மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"மூடுவமோ, அக்கா?"

"பொறு."

மாசி மாதத்துப் பனியிலும் அவர் அந்தக் கோட்டைத் திறந்தேதான் விடுவார். அவசரத்துக்குக் கை உடனே உள்ளே போகவேணுமாம். தடிமன் பிடித்து இரவிரவாக இருமினாலும் சொன்னது கேட்கமாட்டார்.

புனிதவதி குனிந்து, கோட்டின் இரண்டு பக்கத்தையும் இழுத்துச் சேர்த்து, பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகப் பூட்டினாள்.