தாமசினுக்காகத் திறந்த பூட்டு

தாமசினுக்கு வலி கண்டு ஒரு பகலும் ஓர் இரவும் போய்விட்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. நகரத்தில் பெரிய வைத்தியர் இருக்கிறார்தான். ஆனால் அவர் ஆளைத் தொடமாட்டார். சிறுநீரைக் குடுவையில் பிடித்துக் கொண்டுபோனால் வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டு, வியாழன் கிரகம் சரியில்லை என்பார். எங்களைப் போன்றவர்களுக்கு மருத்துவச்சி மார்ஜரியும் ஒரு கிண்ணம் வெண்ணெயும்தான்.

முழங்கை வரை வெண்ணெய் பூசிக்கொண்டு மார்ஜரி நிமிர்ந்தாள். "வீட்டுல எங்கயோ முடிச்சு இருக்கு, அதான் புள்ளையப் பிடிச்சு வச்சிருக்கு. எல்லாத்தையும் அவுத்து விடுங்கடி."

பிரசவம் பார்க்க வந்த பெண்கள் நாங்கள் சும்மா இருப்போமா? கூந்தலை அவிழ்த்தோம், பெட்டிகளைத் திறந்தோம், மாவு மூட்டையின் வாயைப் பிரித்தோம். பசுவையும் அவிழ்த்துவிட்டோம். அது நேராக ஊர்க்காவலர் ஆஸ்பர்ட்டின் முட்டைக்கோஸ் தோட்டத்துக்குள் போனது. எனக்கு அதில் சந்தோஷமே.

"இன்னும் ஏதோ பாக்கி இருக்கு," என்றாள் மார்ஜரி.

தாமசின் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "என் புருஷன் பூட்டுக்குள்ளதானே கெடக்கான்."

அடக் கடவுளே, அவனை மறந்தே போனோம். வலி காண்பதற்கு முந்தின நாள் கோயில் விருந்தில் ஆஸ்பர்ட்டின் மூக்கைப் பற்றி ஹேமன் ஒரு பாட்டுப் பாடியிருந்தான். பாட்டும் நன்றாக இருந்தது, மூக்கும் நீளம்தான். ஆஸ்பர்ட்டுக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும்வரை கிடக்கட்டும் என்று கோயில் வாசல் தொழுமரத்தின் துளைகளில் அவன் கால்களை விட்டுப் பூட்டிவிட்டார். எறிவதற்கு ஊரே அழுகிய முட்டை சேர்த்து வைத்திருந்தது.

நான் கோயில் வாசலுக்கு ஓடினேன். ஆஸ்பர்ட் அங்கேதான் காவல் நின்றார்.

"அய்யா, சாவியைக் கொண்டாங்க. புள்ள வரமாட்டேங்குது."

"சாவிக்கும் புள்ளைக்கும் என்னம்மா சம்பந்தம், சிசிலி?"

"உங்களப் பெத்தப்போ ஊர்ல எத்தன பூட்டத் தெறந்தாங்கன்னு உங்க அம்மாவைக் கேட்டுப் பாருங்க."

ஆஸ்பர்ட் தாடையைச் சொறிந்தார். "தெறந்துவிட்டா இவன் ஓடிருவானே."

ஹேமன் தலை தூக்கினான். அழுது கண் சிவந்திருந்தது. "எங்கய்யா ஓடுவேன்? அவ அங்கதானே கெடக்கா. திரும்பி வந்து நானே உக்காந்துக்கறேன். உங்க மூக்கு மேல சத்தியம்."

காரியத்தைக் கெடுத்தான் பாவி என்று நினைத்தேன். ஆனால் ஆஸ்பர்ட் அந்த மூக்கைத் தடவிக்கொண்டே பூட்டைத் திறந்தார்.

பிரசவ அறைக்குள் ஆண்கள் வரக்கூடாது. ஹேமனும் அவன் பின்னாலேயே வந்த ஆஸ்பர்ட்டும் ஜன்னலுக்குக் கீழே நின்றார்கள். உள்ளே தாமசினின் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. மார்ஜரி என்னைப் பார்த்துக் கத்தினாள்: "வெளிய யாருடி முடிச்சோட நிக்கிறது?"

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். ஆஸ்பர்ட்டின் மேல்சட்டையையும் கால்சட்டையையும் சேர்த்துக் கட்டி இடுப்பைச் சுற்றி வரிசையாக நாடா முடிச்சுகள்.

"அய்யா, அவுத்துடுங்க."

"தெருவுலயா?"

"அவ சாகட்டுமா?"

மனுஷன் நாடாவில் கை வைத்தார். ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டு, இரண்டு கையாலும் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மார்ஜரியின் கை உள்ளே மெல்லத் திரும்பியது. பிள்ளையும் திரும்பியது. அது கையாலா, நாடாவாலா என்று என்னைக் கேட்காதீர்கள். பெண் குழந்தை, தொண்டை அப்படியே அப்பனுடையது. தாமசின் சிரித்தாள், நான் ஓவென்று அழுதேன்.

ஹேமன் அப்போது ஓடியிருந்தால் ஆஸ்பர்ட்டால் துரத்தியிருக்க முடியாது. ஆனால் அவன் மகள் முகத்தை ஜன்னல் வழியே ஒருமுறை பார்த்துவிட்டு, சொன்னபடி போய்த் தொழுமரத்தில் உட்கார்ந்தான்.

அன்று ஞாயிறு; மாலையில் ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைத் தூக்கிப் போகும் வழியில் அவன் மடியில் வைத்தோம். முட்டையோடு வந்த ஜனம் முட்டையை மறைத்துக்கொண்டது. சிலர் வீட்டுக்குப் போய் நல்ல முட்டையாக எடுத்து வந்து அவன் பக்கத்தில் வைத்தார்கள். பொழுது சாய இன்னும் நேரம் இருந்தது. மறுபடி பூட்டுவதற்கு ஆஸ்பர்ட் சாவியோடு வந்தார், குழந்தையைக் குனிந்து பார்த்தார், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"பச்சப்புள்ள மடியில இருக்கும்போது பூட்டக்கூடாதாம். மார்ஜரி சொன்னா," என்றார்.

மார்ஜரி அப்படி எதுவும் சொல்லவில்லை.