இரண்டு எண்ணும் வரை

விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். என் கால் தானாகவே தரையை அழுத்திக்கொண்டிருந்தது. பதினெட்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவனின் கால், பிரேக் இல்லாத இடத்திலும் பிரேக்கைத் தேடும்.

தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு பெண் பாதசாரிக் கோட்டில் இறங்கிய பிறகும் என் கார் நிற்காமல் உள்ளே நுழைந்தது. அதுதான் குற்றம். ஓட்டியவள் என் மாணவி. ஆனால் பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு என்பதால் போலீஸின் குற்றச் சீட்டு எனக்கு வந்தது. அது உறுதியானால் கற்றுக்கொடுக்கும் உரிமம் ஒரு வருடத்துக்குப் போய்விடும். வேறு தொழில் எனக்குத் தெரியாது.

அந்தப் பெண் திடீரென இறங்கினாள், பிரேக் போட நேரமே இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.

மாணவி சாட்சிக்கு வந்திருந்தாள். தையல் கடை வைத்திருப்பவள். சட்டை ஓரத்தில் இன்னும் நூல் ஒட்டியிருந்தது.

"பரீட்சைக்குப் போறது நீங்களா நானா சார்? மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு."

எங்களைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன்.

உள்ளே, அதிகாரி அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அவளைத்தான் முதலில் கேட்டார். "இவர் எப்படிச் சொல்லித் தருவார்?"

"ரொம்பப் பொறுமை மேடம். மத்தவங்க மாதிரி பொசுக்குன்னு பிரேக்கை மிதிக்க மாட்டார். மனசுக்குள்ள ரெண்டு எண்ணுவார். நாங்களே நிறுத்தணும்னு விட்டுப் பார்ப்பார். அதனாலதான் பயம் போச்சு எனக்கு."

எழுதிக்கொண்டிருந்த அதிகாரியின் பேனா நின்றது.

"அப்படியா?" என்று என்னைப் பார்த்தார்.

அவள் குழம்பிச் சொல்கிறாள் என்று நான் சொல்லியிருக்கலாம். அவளும் ஆமாம் என்று தலையாட்டியிருப்பாள். வளைவில் சரியாகத் திருப்பிய பிறகு பார்ப்பதுபோல, பாராட்டுக்காக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கோ தள்ளுவண்டியை வெடுக்கென்று பின்னால் இழுத்த அந்தக் கைகள்தான் தெரிந்தன. அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"ஆமா மேடம். அன்னைக்கும் எண்ணினேன்."

"நேரமே இல்லைன்னு எழுதியிருக்கீங்களே."

"இருந்துச்சு."

அவர் எழுதினார். ஒரு வருடம், இன்றிலிருந்து.

வெளியே வந்ததும் அவள் மெதுவாகக் கேட்டாள்: "நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா சார்?"

"இல்லம்மா. நீ சொன்னது அப்படியே சரி."

பழக்கத்தில் சாவிக்குக் கை நீட்டினாள். காலையில் பாடமாக அவள்தான் ஓட்டி வந்திருந்தாள். நான் வேண்டாமென்று தலையசைத்ததும், ஏன் என்று கேட்காமல், கையை இறக்கிக்கொண்டு அடுத்த பக்கம் போனாள்.

ஓட்டுநர் இருக்கை அவள் உயரத்துக்கு முன்னால் தள்ளியிருந்தது. அதைப் பின்னுக்கு நகர்த்த எனக்கு வெகுநேரம் ஆயிற்று.