பல்லவியோடு எழுதிய பரீட்சை

நேசபாய்க்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாரும் நாக்கின்மேல் பல்லைப் போட்டுச் சொல்ல முடியாது. எழுதுவதில்தான் கோளாறு. பேனாவைத் தொட்டால் ஐப்பசி மாதத்துப் பழையாறுதான். காற்புள்ளி கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது, கரை புரண்டு ஓடும். அந்த ஒரு குறையாலேயே இரண்டு வருஷமாகப் பரீட்சையில் கவிழ்ந்துகொண்டிருந்தாள்.

நாகர்கோவிலில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் அவள் தற்காலிக ஆசிரியை. அந்தப் பரீட்சை பாஸானால்தான் வேலை நிரந்தரம். இந்தத் தடவையும் தோற்றால் வேறு ஆளைத்தான் வைக்க வேண்டும் என்று தலைமையாசிரியை லீலாபாய் சொல்லிவிட்டார். ஒன்றாம் வகுப்புக் குஞ்சுகுளுவான்களை விட்டுவிட்டு வீட்டோடு கிடப்பதை நேசபாயால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அப்போதுதான் இலக்கணப் புத்தகத்தில் அந்த விதி கண்ணில் பட்டது. வாசிக்கும்போது காற்புள்ளிக்கு ஒன்று எண்ணும் நேரம் நிறுத்து, அரைப்புள்ளிக்கு இரண்டு, முற்றுப்புள்ளிக்கு நாலு. அட, இவ்வளவுதானா! ஞாயிறுதோறும் சபையில் கீர்த்தனைக்கு வெண்கலக் கைத்தாளம் போடுகிறவளுக்கு எண்ணி நிறுத்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?

அன்றிலிருந்து வீட்டில் ஓயாத தாளம். ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்வாள். நிற்கிற இடத்தில் தாளம் விழும். விழுந்த இடத்தில் புள்ளி வைப்பாள். புருஷன் ஞானசிங்குக்கு வடசேரிச் சந்தையில் வாழைக்காய் வியாபாரம். சபையில் பாட்டெடுத்துக் கொடுப்பவனும் அவன்தான். சாப்பிட உட்கார்ந்தவன் சிரித்தான்.

"ஏட்டி நேசா, மீன்கறியையும் தாளம் போட்டுத்தான் ஊத்துவியா?"

"சிரியுங்க, சிரியுங்க. பாஸாயிட்டு வந்து உங்ககிட்ட பேசுதேன்."

"பரீட்சைக்கு இதக் கொண்டுபோனா பிடிச்சு வெளிய தள்ளீருவானுவ, பாத்துக்க."

கைத்தாளத்தை அவள் கொண்டுபோகவில்லை. மேசைக்கடியில் கால் பெருவிரல் இருக்கவே இருந்தது. பசுவைப் பற்றிக் கட்டுரை. 'பசு மிகவும் பயனுள்ள பிராணி' என்று இங்கிலீஷில் ஆரம்பித்தாள். பெருவிரல் தட்டத் தட்டப் புள்ளிகள் தாமாக வந்து உட்கார்ந்தன. பால், மோர், நெய், ஏர், சாணம் என்று ஒவ்வொரு பத்தியாக இறக்கினாள். அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

எழுதி முடித்துத் திருப்பிப் பார்த்தபோது திக்கென்றது. ஒவ்வொரு பத்தியின் கடைசியிலும் 'பசு மிகவும் பயனுள்ள பிராணி' என்று நின்றது. சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்பிப் பழகிய கை, பத்தி முடிந்ததும் தன்பாட்டுக்குத் திரும்பியிருக்கிறது! ஒன்றையாவது அடித்துவிடலாம் என்று பேனாவை மையில் தோய்ப்பதற்குள் மணி அடித்துத் தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வாசலில் காத்திருந்த ஞானசிங்கிடம் சொல்லி அழுதாள்.

"அழாத பிள்ளே. பல்லவி இல்லாம ஒரு பாட்டா?" என்றான் அவன்.

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. அடுத்த ஞாயிறு அவள் கைத்தாளத்தைத் தொடவே இல்லை.

கோடை விடுமுறை முடிகிற சமயத்தில் லீலாபாய் ஆளனுப்பிக் கூப்பிட்டார். வேலை போனது என்றே நினைத்துக்கொண்டு போய் நின்றாள் நேசபாய்.

"திருவனந்தபுரம் போயிருந்தேன். பேப்பர் திருத்துன ஒருத்தர் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. யாரோ ஒரு பிள்ளை, பசு பயனுள்ளதுன்னு பத்திக்குப் பத்தி எழுதி வச்சிருந்துதாம்."

நேசபாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தோக்கடிச்சிரலாம்னுதான் சிவப்பு மையை எடுத்தாராம். ஒரு கமா பிசகல்லியாம். கடைசிப் பசு வரைக்கும் புல்ஸ்டாப்பு அதது இடத்துல இருந்துதாம். மனசு வராம பாஸ் போட்டுட்டாரு."

"அம்மா..."

"அது யாருன்னு நான் கேக்கல்ல. கெசட்டுல உன் நம்பர் வந்திருக்கு. பள்ளி திறந்ததும் ஒண்ணாங்கிளாசுக்குப் போ. இனி நீ நிரந்தர டீச்சர்."

நேசபாய் அங்கேயே நின்று அழுதாள். அடக்கிக்கொள்ள அவளுக்கு மனமில்லை.