இடது கன்னம்

டாரிலின் இடது கன்னத்தில் பரு மாதிரி கிளம்பியது ஆறே வாரத்தில் நெல்லிக்காய் அளவுக்கு வளர்ந்துவிட்டது. பண்டபெர்க் பக்கம் தக்காளி போடுகிறவர்களுக்கு வெயில் பட்டுப் பட்டுத் தோலில் வரும் கட்டியெல்லாம் ஒரு விஷயமே இல்லை. தானா உதிரும் என்று அவனும் அசட்டையாக இருந்தான். நோலீன்தான் புருஷனைக் காதைப் பிடிக்காத குறையாக ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தாள்.

டாக்டர் பிரையர் ஊசி போட்டு மரக்கவைத்து, சுற்றியிருந்த நல்ல தோலோடு கட்டியை வெட்டியெடுத்தார். விளிம்பில் மிச்சம் இல்லை என்று சோதித்த பிறகே தைத்துக் கட்டுப் போட்டார். பிறகு நோலீனை உள்ளே கூப்பிட்டார்.

"முழுசா எடுத்தாச்சும்மா, பயமில்ல. ஆனா வண்டி ஓட்டுறவங்களுக்கு ஜன்னல் வெயில்ல வலது கன்னந்தான் கெடும். இவருக்கு இடது பக்கம் பூரா வெந்து கெடக்கு. யாரோ ஓட்ட, ஐயா சொகுசா உக்காந்து வந்திருக்காரு!"

டாக்டர் சிரித்தார். நோலீன் புருஷன் பக்கம் திரும்பினாள். இருபத்தாறு வருஷமாக வாராவாரம் பிரிஸ்பேன் சந்தைக்குத் தனியாக லாரி ஓட்டிப் போகிறேன் என்றவன் இவன். நானும் வரேன் என்று அவள் கெஞ்சினால், முன் சீட்டிலும் தக்காளிப் பெட்டிதான், இடமில்லை என்பான்.

"யாரு ஓட்டுனா?"

டாரில் வாயைத் திறக்கப் போனான்.

"பேசாத, தையல் பிரிஞ்சிரும். தலைய மட்டும் ஆட்டு. கிளெண்டாவா?"

கிளெண்டா பக்கத்துத் தோட்டத்துக்காரி. அவள் பெட்டிகளும் அதே லாரியில்தான் போகும். டாரில் தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

வாசலில் கிளெண்டாவே காரோடு நின்றாள். நோலீனுக்கு ஓட்டத் தெரியாது. கூட்டிப்போக வரச்சொல்லி நேற்று கிளெண்டாவுக்குப் போன் செய்ததும் நோலீனேதான். கிளெண்டாவின் வலது கன்னத்தில் காதுவரை ஒரு பழைய அறுவைத் தழும்பு. எத்தனையோ வருஷமாகப் பார்த்த தழும்பு, இன்றைக்குத்தான் முகத்தில் அறைந்தது. அவளுக்கு வலது, இவனுக்கு இடது. மோதிரம் மாற்றிக்கொண்டவர்கள் மாதிரி ஜோடி போட்டிருக்கிறார்கள்.

"உனக்குத்தான் என்ன தோலு நோலீன்! இந்த வயசுலயும் ஒரு புள்ளி இல்ல," என்றாள் கிளெண்டா.

ஊரே சொல்வதுதான். கேட்டுக் கேட்டு நோலீனும் பூரித்திருக்கிறாள். இப்போது அந்தத் தழும்பின் மேல் அவளுக்கு அப்படிப் பொறாமையாக இருந்தது.

கிளெண்டா பழக்கதோஷத்தில் முன்பக்க இடது கதவை டாரிலுக்குத் திறந்துவிட்டாள்.

"அவரு பின்னால உக்காரட்டும்," என்று நோலீன் முந்திக்கொண்டு ஏறினாள்.

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். வீடு வரும்வரை இடது கன்னத்தை வெயிலுக்குக் காட்டியபடியே உட்கார்ந்திருந்தாள்.