மூக்கைப் பிடித்துக்கொள்ளாதவர்

ஜும்ஆத் தொழுகையின் இரண்டாவது ரக்அத்தில், சஜ்தாவுக்குக் குனியும்போதே முன்னால் நின்று தொழ வைத்துக்கொண்டிருந்த நூகு ஹஜரத்துக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சொட்டுதான். கைலிக்குள் சூடாக இறங்கி, உடனே ஆறிப்போனது. பிரமை என்று ஒதுக்கிவிட முடியாத சொட்டு. தொழுகைக்காகக் கை கால் கழுவிச் செய்த ஒளு முறிந்துவிட்டது.

அப்படி ஆகிப்போனால் இமாம் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மார்க்கத்தில் வழி இருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர வேண்டும். முதல் வரிசையில் நிற்கும் ஒருவரைச் சட்டையைப் பிடித்து முன்னே இழுத்துத் தன் இடத்தில் விட்டுவிட்டுப் போய்விடலாம். பார்க்கிறவர்கள், பாவம், மூக்கில் ரத்தம் வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொள்வார்கள். மனிதனுடைய வெட்கத்துக்கு மார்க்கம் அவ்வளவு இரக்கம் காட்டியிருக்கிறது. ஹஜரத் எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

இன்றைக்கு அவர் மூக்கைப் பிடிக்கவில்லை. நெற்றியை எடுத்தார், மறுபடி வைத்தார், இருப்பில் உட்கார்ந்தார், இருபுறமும் ஸலாம் கொடுத்தார். துஆவும் ஓதினார். கூட்டம் ஆமீன் சொல்லிவிட்டு, செருப்பைத் தேடிக்கொண்டு வெயிலுக்குள் கலைந்து போனது.

இமாம் நிற்கும் மாடமான மிஹ்ராபில் அப்படியே உட்கார்ந்திருந்தார். நேர் பின்னால் நின்று தொழுத அப்ஸல் எழுந்து வந்து குனிந்தான். போன வருஷம் மார்க்கக் கல்வி ஓதி முடித்து ஊருக்கு வந்த இளம் ஆலிம். நல்ல குரல்.

"முகம் ஒரு மாதிரி இருக்கே ஹஜரத். மேலுக்கு முடியலையா?"

"வெயில்தான்" என்றார்.

அவன் போன பிறகு வீட்டுக்குப் போய்க் கைலியை மாற்றினார். மனைவி செய்யதம்மாள் சோற்றைப் போட்டு வைத்திருந்தாள். பிறகு சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பைபாஸ் பக்கம் நடந்தார். அங்கேதான் முத்தவல்லி மீராசாவின் டயர் கடை. பள்ளிவாசல் நிர்வாகம் முழுக்க அவர் கையில்தான் இருந்தது.

"என்ன ஹஜரத், இந்த வெயில்ல. ஒரு போன் போட்டா நானே வந்திருப்பேன்லா."

"போன்ல சொல்லுத விசயம் இல்ல பாய்."

சொன்னார். ஒரு சொட்டு மூத்திரம் இறங்கி, ஒளு இல்லாமல் ஜும்ஆ நடந்துவிட்டது என்பதை மட்டும் சொன்னார். தொழுகை முடிந்த பிறகுதான் கவனித்தார் என்று மீராசா எடுத்துக்கொண்டார். ஹஜரத் அதைத் திருத்தவில்லை.

மீராசா பக்கத்திலிருந்த டயரை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். "யாருக்கும் தெரியுமா?"

"அல்லாவுக்குத் தெரியும்."

"அவனுக்குத் தெரியாதது என்ன இருக்கு. நான் ஊரக் கேக்கேன்."

"ஊருக்குத் தெரியாது."

"அப்ப விட்டுத் தள்ளுங்க. ஷாஃபி மத்ஹபுல இமாமுக்கு ஒளு இல்லாட்டியும் பின்னால நின்னவன் தொழுகை கூடும்னு ஒருநா நீங்கதான பயான்ல சொன்னீய."

"நாம ஹனஃபி மத்ஹபுல்லா. நம்மள்ல கூடாது. தொழுத அத்தன பேரும் ஜும்ஆவுக்குப் பதிலா மத்தியான லுஹர் நாலு ரக்அத் தொழணும். சாயங்காலம் அஸர் தொழுகைக்கு முன்னால சொல்லிரணும்."

"இன்னைக்கு ஒருநா ஷாஃபியா இருந்துட்டுப் போவோம்" என்று மீராசா சிரித்துப் பார்த்தார். ஹஜரத் சிரிக்காததால் அவரும் நிறுத்திக்கொண்டார். "மைக்குல சொன்னா பஜார் முழுக்கக் கேக்கும். டீக்கடைல இருக்கவன்லாம் நிறுத்தி வச்சுக் கேப்பான், உங்க ஹஜரத்துக்கு என்னாச்சுன்னு. அதக்கூட விடுங்க. சொட்டு மூத்திரம் நிக்காத ஆளு எப்படித் தொழ வைக்கலாம்னு கமிட்டில ஆரம்பிப்பாங்க. என்னால தடுக்க முடியாது. பள்ளிவாசல் வீட்டையும் காலி பண்ணணும். புதியம்புத்தூர்ல மக வீட்ல போயி எத்தன நாளைக்கு இருப்பீங்க? மருமவன் தையல் மிசினுக்கே அந்த வீட்ல எடம் பத்தல."

எல்லாம் உண்மை. அக்கறையோடுதான் சொல்கிறார் என்பதும் உண்மை. ஹஜரத் வெளியே பார்த்தார். கடைக்குப் பின்னால் கரிசல் காடு வெடித்துக் கிடந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் ஒதுங்க ஒரு நிழல் இல்லை. மறுமையில் எல்லோரையும் எழுப்பி நிறுத்தும் மஹ்ஷர் மைதானம் இப்படித்தான் இருக்கும் என்று எத்தனையோ ரமலானில் பேசியிருக்கிறார். சூரியன் தலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அவரவர் வேர்வையில் அவரவர் மூழ்குவார்கள். மறைத்ததெல்லாம் எல்லோர் முன்னும் திறக்கும். இந்த உலகத்து வெட்கம் அந்த வெட்கத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சொல்லிச் சொல்லி வாயில் தேய்ந்துபோன வார்த்தைகள். இன்றைக்கு அவை யாரோ புதிதாகச் சொல்வது போல இருந்தன. பயமாகக்கூட இல்லை. அலுப்பாக இருந்தது. இந்த வயதில் இன்னொன்றை மறைத்துத் தூக்கிக்கொண்டு நடக்க உடம்பில் தெம்பு இல்லை.

"வாரேன் பாய்" என்று எழுந்தார்.

"ஹஜரத், ஒருதடவ யோசிச்சுக்கோங்க" என்ற குரல் பின்னால் வந்தது. மீராசா எழுந்து வந்து தடுக்கவில்லை.

பள்ளிவாசலுக்கு வந்து ஒளு செய்தார். தன் லுஹரைத் தனியாகத் தொழுதார். பிறகு வெளிக் குழாய் ஒலிபெருக்கியின் சுவிட்சைப் போட்டார். நேரமில்லாத நேரத்தில் அது கரகரத்தால் பஜாருக்கு ஒரே அர்த்தம்தான்: யாரோ மௌத்து. எதிர்த்த டீக்கடையில் பேச்சு நின்றது.

"இன்று ஜும்ஆ தொழுதவர்கள் அனைவரும் லுஹருடைய நான்கு ரக்அத்தைத் தொழுதுகொள்ளுங்கள். இமாமுக்கு ஒளு முறிந்துவிட்டது."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். விரல் சுவிட்சின் மேல்தான் இருந்தது.

"முறிந்தது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தேதான் தொழ வைத்தேன். எல்லோரும் என்னை மன்னித்துவிடுங்கள்."

வெளியே வந்தபோது டீக்கடைக்காரர் செண்பகராஜ் பள்ளிவாசல் கேட் அருகே நின்றிருந்தார். "ஹஜரத், யாரு தவறிப்போனது? இரைச்சல்ல சரியாக் கேக்கல."

"யாரும் இல்ல அண்ணாச்சி. தொழவச்சதுல நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அதத்தான் சொன்னேன்."

"இம்புட்டுதானா. நான் கடையச் சாத்தவே எந்திரிச்சிட்டேன். அதுக்கா மைக்கு? இங்கன தப்புப் பண்ணுதவன்லாம் மைக்கப் பிடிச்சா பஜார்ல யாவாரம் நடக்காது ஹஜரத்" என்றார். கடைக்குள் போகப்போனவர் திரும்பி, "டீ குடுத்து விடவா?" என்று கேட்டார்.

"வேண்டாம் அண்ணாச்சி."

அஸருக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக ஆட்கள் வந்திருந்தார்கள். சிலர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சிலர் பார்த்துவிட்டு அடுத்தவர் காதில் எதையோ சொன்னார்கள். மீராசா தூணோரமாக உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். அப்ஸல் மட்டும் பக்கத்தில் வந்தான்.

"முத்தவல்லி சொன்னாங்க. வயசானா வாறதுதான் ஹஜரத். இதுல வெட்கப்பட என்ன இருக்கு. எங்க வாப்பாவுக்கும் இருக்கு. மாத்திரை இருக்கு, நான் வாங்கித் தாரேன்."

எல்லோரும் அந்தச் சொட்டைத்தான் மன்னிப்பார்கள் என்று ஹஜரத்துக்குப் பட்டது. அது மன்னிக்கச் சுலபமானது.

"சொட்டு இல்ல அப்ஸலு" என்றார். குரலைத் தாழ்த்தவில்லை. "மூக்கப் பிடிச்சுட்டு ஒன்ன முன்னால இழுத்து விட்டிருக்கலாம். எனக்கு நேர் பின்னால நீதான் நின்ன. ஒருதடவ நீ இங்கன நின்னுட்டா அதுக்கப்புறம் என்ன நிக்க விடமாட்டாங்கன்னு மனசு சொல்லிச்சு. சஜ்தாவுல கெடந்து அத யோசிச்சேன். அல்லாவுக்குத் தலைய வச்சுக்கிட்டு ஒன்ன நெனச்சேன்."

தஸ்பீஹ் உருளும் சத்தம் நின்றது. அப்ஸல் பாயைப் பார்த்தபடி நின்றான். அவன் எதையாவது சொல்வான் என்று ஹஜரத் காத்திருந்தார். மன்னித்தேன் என்றோ, அப்படியா நினைத்தீர்கள் என்றோ. அவன் காது மட்டும் சிவந்துபோயிருந்தது. அதுவும் நியாயம்தான்.

"நேரமாச்சு. நீ முன்னால நில்லு" என்றார்.

அவன் மீராசாவைத் திரும்பிப் பார்த்தான். மீராசா எழுந்து கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு வரிசைக்கு வந்தார். ஹஜரத் எங்கே நிற்பது என்று ஒரு கணம் தெரியாமல் தயங்கினார். அவருக்கென்று இத்தனை வருஷமாக அந்த வரிசையில் ஓர் இடம் இருந்ததில்லை. யாரோ ஒருவர் தோளைக் குறுக்கி நகர்ந்துகொடுத்தார். யாரென்று பார்க்காமல் அந்த இடைவெளியில் போய் நின்றார்.

அப்ஸல் முன்னால் போய் நின்று தக்பீர் சொன்னான். ஹஜரத் கைகளைக் கட்டிக்கொண்டார். பழக்கத்தில் உதடு ஓத ஆரம்பித்தது. நிறுத்திக்கொண்டார். இமாமுக்குப் பின்னால் நிற்கிறவன் ஓத வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும்.